பொலித்தீன் பிரிக்காத மெத்தை

கிறிஸ்ரினாவுக்குச் சின்ன வயதில் எதைக் கண்டாலும் அருவருப்பு. நாரந்தனையில் கடலை நம்பிச் சீவிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, மீன் செதிலைக் கண்டு முகம் சுளிக்கிற பிள்ளையை யாராவது கண்டிருக்கிறீர்களா? தகப்பன் சவிரிமுத்து கணவாய் மீன் கழுவக் குந்தினால் இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒழுங்கைப் பாதையால் ஓடிவிடுவாள். சோற்றுக் கோப்பையில் ஈ ஒன்று இருந்து எழும்பினால் போதும், அந்தச் சோறு நாய்க்குத்தான். "இவள் அரியண்டம் பார்த்தே பட்டினி கிடந்து சாகப்போறாள்" என்று தாய் அல்போன்சம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கடைசியில் வாய்த்தது ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் வேலை. புருஷன் என்று வந்தவன் இன்னொருத்தியோடு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிவிட்டான். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். மலச்சட்டி எடுக்க வேண்டும், சத்தி கழுவ வேண்டும், சீழ் துடைத்த பஞ்சைப் பொறுக்க வேண்டும். முதல் கிழமை முழுக்கக் கிணற்றடியில் நின்று குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்தாள். மற்ற ஊழியர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு அது எப்படிப் போனதென்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் ஒரு கிழவனின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நாறுகிற புண்ணுக்கு முன்னால் தான் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். புண் கள்ளம் செய்வதில்லை. நாறினால் நாறுகிறேன் என்று நேரே சொல்லிவிடுகிறது. அதன்பிறகு உடம்பிலிருந்து வருகிற எதுவும் அவளுக்கு அரியண்டமாகப் படவில்லை. மனிதர்கள்தான் படத் தொடங்கினார்கள். வாட்டில் நோயாளியின் தலைமாட்டில் நின்று காணி உறுதிப் பத்திரத்தில் கைநாட்டு வாங்க அலைகிற பிள்ளைகளைக் கண்டால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போவாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தீவுப்பகுதியில் உள்ளது, சின்னது, பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு. வாசலில் "நோயாளியே எங்கள் தெய்வம்" என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே போனால் தொட்டதெல்லாம் யாரோ ஒருவரின் நினைவாக இருக்கும். கதிரையில் ஒரு பெயர், மின்விசிறியில் ஒரு பெயர், தண்ணீர் வடிகட்டியில் ஒரு பெயர். வெளிநாட்டுக்குப் போனவர்கள் தாய் தகப்பனின் பெயரில் அனுப்பிய சாமான்கள். இளைப்பு வந்து படுத்திருக்கிற மனிதன் கண்ணை முழித்தால் மேலே சுற்றுவது ஒரு செத்தவரின் பெயர்தான்.

டொக்டர் தர்சனா வந்த பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு உண்மையிலேயே ஒரு முகம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயது, வேகம். மலசலகூடக் கதவுகளுக்குக் கொண்டி போடுவித்தாள். விரிப்புகளை ஒவ்வொரு நாளும் மாற்றவைத்தாள். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், "ஏய் கிழவி" என்று கூப்பிட்டால் தன்னிடம் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டாள். தீவு என்பதற்காக நோயாளி குறைந்த கவனிப்போடு போகக்கூடாது என்பது அவள் பிடிவாதம். கிறிஸ்ரினா வெளியே முணுமுணுத்தாலும் உள்ளுக்குள் அந்தப் பிள்ளையில் ஒரு விருப்பம் வைத்திருந்தாள்.

அந்த நேரம் வாட்டில் கிடந்தவர் சரவணை இராசேஸ்வரி அம்மா. காணி பூமியோடு வாழ்ந்த வீட்டுக்காரி. ஒரு காலத்தில் அல்போன்சம்மா மீன் கொண்டுபோனால் படலைக்கு வெளியே நிறுத்தி வாங்கிய வீடு அது. பாரிசவாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. வாய் மட்டும் விழவில்லை. மகள் கிருசாந்தி லண்டனிலிருந்து ஃபோனில் முகத்தைக் காட்டி அழுவாள். இங்கே புரட்டிப் படுக்கவைக்கக் கிறிஸ்ரினாவின் கைதான் இருந்தது. கிடந்த கிடையில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு உடைந்தது. படுக்கைப்புண்.

"இவவுக்குக் காற்று மெத்தை வேணும் அக்கா" என்றாள் டொக்டர். "மோட்டரால காற்று மாறி மாறி ஏறி இறங்கும். ஒரே இடத்தில பாரம் விழாது."

காற்று மெத்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. வாட்டுக்கு அடுத்த அறையிலேயே இருந்தது. கனடாவில் இருக்கும் அரியநாயகம் என்பவர் தாயின் நினைவாக அந்த அறையைத் திருத்தி, கட்டிலும் மெத்தையும் மோட்டருமாகப் போன மாரி மழைக்கு முதல் அனுப்பியிருந்தார். அவர் கோயில் கொடியேற்றத்துக்கு வந்து றிபன் வெட்டட்டும் என்று அறை பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பு, நோயாளர் நலன்புரிச் சங்கத் தலைவர் இளையதம்பி மாஸ்டரின் மடியில்.

டொக்டர் மாஸ்டருக்கு ஃபோன் எடுத்தபோது கிறிஸ்ரினா பக்கத்தில் நின்றாள்.

"மாஸ்டர், அந்த மெத்தை ஒரு நோயாளிக்கு அவசரமாத் தேவைப்படுது. திறப்பை ஒருக்காத் தாறீங்களோ?"

"டொக்டர் பிள்ளை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் அண்ணை இன்னும் வந்து திறக்கேல்லையே. பெத்த தாயின்ர பேரில தந்த சாமான். அதுக்கு முந்தி ஊத்தையாக்கிப்போட்டு நான் எந்த முகத்தோட அந்தாளுக்கு முன்னால நிக்கிறது?"

"ஊத்தை இல்லை மாஸ்டர். புண்."

"அதுதான் பிள்ளை, புண். அந்தாள் மனம் முறிஞ்சால் தாறன் எண்டு சொன்ன ஸ்கான் மெசினும் வராது. யோசிச்சுப் பாருங்கோ."

டொக்டர் யோசித்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஒரு ஸ்கானுக்காக பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்வருவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பவள். ஃபோனை வைத்துவிட்டு வேறு நோயாளியிடம் போய்விட்டாள்.

கிறிஸ்ரினாவுக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் பூட்டை உடைக்கிற கோபம் வரவில்லை. ஏனென்றால் அவளுக்கும் அது நியாயமாகப்பட்டது. பிரான்சில் இருக்கும் தம்பி நிருபன் வாங்கிக்கொடுத்த செற்றிக் கதிரை அவள் வீட்டு விறாந்தையில் இன்றைக்கும் பொலித்தீன் கழற்றாமல்தான் இருக்கிறது. பிள்ளைகள் நிலத்தில் இருந்து ரிவி பார்க்கும். நல்ல சாமான் என்றால் மூடிவைக்க வேண்டும், தந்தவர் வந்து பார்க்கும்போது புதிதாக இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மெத்தை வந்து இறங்கியபோதும், "உப்புக்காற்றுப் பட்டால் பழுதாப்போகும் மாஸ்டர்" என்று பொலித்தீனை இன்னொரு சுற்றுச் சுற்றி, மோட்டரையும் உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் ரேப் ஒட்டியவள் அவள்தான். மாஸ்டர் அவளைப் பாராட்டியும் இருந்தார்.

அதனால் இராசேஸ்வரி அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"திறப்புவிழா முடியட்டும் அம்மா. முதல் ஆளா உங்களைத்தான் அதில கிடத்துவன்."

"ஓம் பிள்ளை. அதுவரைக்கும் உம்மட கை இருக்குத்தானே."

கை இருந்தது, ஆனால் கிறிஸ்ரினா ஒருத்திதானே. மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்த் திரும்பி வருவதற்குள் மனுசி அதே பக்கத்தில் கிடந்து முனகும். புண் ஆழமாகிக்கொண்டே போனது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி அழுகின சதையை வெட்டினார்கள், திருப்பி அனுப்பினார்கள். மருந்து கட்டும்போது விரல் உள்ளே போகுமளவுக்குக் குழி. நாற்றம் வாட்டு முழுக்க நின்றது. மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர் வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போனார்கள்.

திறப்புவிழா நாளும் வந்தது. வாழைமரம் கட்டி, நிறைகுடம் வைத்து, பன்னீர் தெளித்து, ஆஸ்பத்திரி கலியாண வீடுபோல இருந்தது. இளையதம்பி மாஸ்டர் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வாட்டுக்குள் வந்து மூக்கைப் பொத்தினார்.

"பிள்ளை, அந்த மனிசியை இண்டைக்கு மட்டும் பின் விறாந்தையில விடும். மணம் அந்த அறைவரைக்கும் வருது. கனடாக்காரர் வாற இடம்."

"அவவுக்காகத்தானே மாஸ்டர் அந்த மெத்தை?"

"ஆர் இல்லையெண்டது? எல்லாம் முடிய விடுவம். இப்ப சொன்னதைச் செய்யும்."

கிறிஸ்ரினா கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். பின் விறாந்தையில் யாரோ ஒரு மீன்காரனின் சைக்கிளும் உடைந்த கதிரைகளும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இராசேஸ்வரி அம்மாவை விட்டுவிட்டு வந்தாள். தெய்வம் என்று எழுதி வைத்திருக்கிற வாசலுக்கு ஒரு தெய்வத்தைக் காட்டப் பயம்.

றிபன் வெட்டினார்கள். விளக்கு ஏற்றினார்கள். ஒருவர் எழும்பி, சிறந்த நோயாளர் பராமரிப்பில் இந்த ஆஸ்பத்திரி நாட்டுக்கே முன்மாதிரி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு படம் பிடிப்பவன், வெறுங்கட்டிலைப் பிடித்தால் வடிவில்லை, ஒரு ஆளைப் படுக்க விடுங்கள் என்றான்.

"நோயாளி ஒராள் இருக்கிறா" என்றாள் டொக்டர் தர்சனா.

"முதன்முதல் புண்ணோட வேண்டாம் பிள்ளை, நல்ல காரியம் நடக்கிற இடம்" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் தானே ஏறிப் படுத்தார். பொலித்தீனுக்கு மேலே வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. அவர் படுக்க அது சரசரவென்று சத்தம் போட்டது. போர்வையை நெஞ்சுவரை இழுத்து, சந்தனப் பொட்டு அழியாமல், கண்ணை நோயாளிபோலச் சொருகிக்கொண்டார். கிறிஸ்ரினாவைக் கூப்பிட்டு சேலைன் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். தலைமாட்டில் அரியநாயகம். எல்லோரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். தூ! கிறிஸ்ரினா தன் சீவியத்தில் எத்தனையோ ஊத்தை பார்த்திருக்கிறாள், ஆனால் கையில் சேலைன் தாங்கியோடு அந்த நல்ல உடம்புக்காரனுக்குப் பக்கத்தில் நின்ற நேரத்தைப்போல எதுவும் அவளுக்குக் கூசவில்லை.

மாஸ்டர் எழும்பி இறங்கினார். எல்லோரும் வடைக்கும் தேநீருக்கும் திரும்பினார்கள். கிறிஸ்ரினா யாரையும் கேட்கவில்லை. விரிப்பை உருவி எறிந்துவிட்டு, தான் ஒட்டிய ரேப்பைத் தானே கத்தரிக்கோலால் கிழித்தாள்.

உள்ளேயிருந்து ஒரு புளித்த மணம் வந்தது. பொலித்தீனின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளி. மெத்தையின் மடிப்புகளில் கறுப்பாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மோட்டரின் ஆணிகள் துருப்பிடித்து, பிளக்கின் பித்தளை பச்சை பிடித்துப்போயிருந்தது. ஒரு மாரி முழுக்க உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் வேலை செய்திருக்கிறது. டொக்டர் ஓடிவந்து பிளக்கைத் துடைத்துச் செருகி சுவிச்சைப் போட்டாள். மோட்டர் மூச்சு விடவில்லை.

வடைக் கோப்பையோடு அரியநாயகம் திரும்பி வந்து பார்த்தார்.

"என்ன இது? ஒருக்காலும் பாவிக்கேல்லையோ?"

"உங்கட கையால திறக்காமல் தொடக்கூடாதெண்டு வைச்சிருந்தனாங்கள் அண்ணை" என்றார் மாஸ்டர். "ஒரு மரியாதைக்கு."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? வந்த உடனே ஆருக்காவது பாவியுங்கோ எண்டுதானே அனுப்பினனான்."

உண்மைதான், அந்த மனிதன் அப்படிக் கேட்கவேயில்லை. ஊரே கூடி அவருக்காக நினைத்து, அவருக்காகப் பூட்டி, அவருக்காகப் பழுதாக்கியிருக்கிறது. கிறிஸ்ரினா கையில் சுருண்டு கிடந்த ரேப்பைப் பார்த்தாள். எவ்வளவு கவனமாக ஒட்டியிருக்கிறாள், ஒரு இடத்திலும் காற்றுப் போகாமல்!

கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வந்துவிட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகு, வேலைக்கு வந்த முதல் கிழமையில் எடுத்ததுபோலச் சத்தி எடுத்தாள். மாஸ்டரின் சந்தனப் பொட்டும், தன் கையும், வீட்டிலிருக்கும் செற்றியும் எல்லாம் சேர்ந்து வெளியே வந்ததுபோல இருந்தது. வாயைக் கழுவி, முகத்தைக் கழுவி, கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின் விறாந்தைக்குப் போனாள்.

இராசேஸ்வரி அம்மா முழித்துக்கொண்டு கிடந்தார். அங்கேயிருந்து கை தட்டிய சத்தமெல்லாம் கேட்டிருக்கும்.

"முடிஞ்சுதே பிள்ளை? நல்ல சாமானே தந்தவர்?"

"நல்ல சாமான் அம்மா. நாங்கள்தான் மூடிவைச்சுப் பழுதாக்கிப்போட்டம். நானும்தான்."

மனுசி முகத்தை மற்றப்பக்கம் திருப்பப் பார்த்தார், கழுத்து அவ்வளவுக்குத்தான் திரும்பியது.

"அப்ப என்னைப் புரட்டும்" என்றார். "இந்தப் பக்கம் எரியுது."