கோல் போட வந்தவர்கள்

நகரி மலையடிவாரத்தில் பிறந்து, அங்கேயே மூங்கில் வெட்டி, அங்கேயே கண்ணை மூடுகிறவர்கள் நாம். நமக்கு எதற்குக் கடல்? நானும் அப்படித்தான் இருந்தேன். போன தை மாதம், படகு தள்ளுவதற்குப் பழவேற்காட்டில் மூங்கில் கேட்கிறார்கள் என்று சேதி வந்ததும் ஒரு வண்டி பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வெறுந்தலையோடு திரும்பி வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள். தலைப்பாகையைச் சூதாட்டத்தில் விட்டேனாம்! எந்தப் புண்ணியவான் கட்டிவிட்ட கதையோ தெரியவில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

ஊத்துக்கோட்டை தாண்டிப் பொன்னேரி சேர மூன்று நாள் ஆயிற்று. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஒரு காதத்துக்குச் சற்று அதிகம், வழியில் திருப்பாலைவனம். அங்கே கோயில் வாசலில் காசுக்கு இரண்டு கை அவல் வாங்கித் தின்றோம். அதுவரை இரு பக்கமும் நெல் வயல்தான். அதற்கப்புறம் மண் வெளுத்துக்கொண்டே போகிறது, பனைமரம் மட்டும் நிற்கிறது. வண்டிக்காரன் முனியன் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, காத்தே கரிக்குது. இந்த ஊர்க்காரங்க கொழம்புக்கு உப்பு போட மாட்டாங்க போலக்கீது" என்றான்.

நடுப்பகலுக்கு முன் பழவேற்காடு. ஏரி என்றார்கள். வடக்கே முடிவு தெரியாத தண்ணீருக்கு ஏரி என்று பெயர் வைத்தவனை நான் பார்க்க வேண்டும்! கரையில் ஒல்லாந்தர் கோட்டை, அதைச் சுற்றி அகழி, உச்சியில் கொடி. கடைத்தெருவில் துணி மூட்டைகளுக்கு நடுவே தமிழும் தெலுங்கும் துருக்க பாஷையும் கோட்டைக்காரர் பாஷையும் ஒன்றாகக் காதில் விழுகின்றன. நானும் என் பங்குக்கு "மூங்கில் கழி! மூங்கில் கழி!" என்று கூவினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு மீன்காரி பரிதாபப்பட்டு நின்றாள்.

"இன்னா கழி? அடுப்பெரிக்கவா? படவு தள்றதுன்னா கோலுன்னு சொல்லு நைனா. கோட்டைக்குப்பத்துக்குப் போ, அங்கதான் கோல் போடறவங்க இருக்காங்க."

கோல் போடுவது என்றால் கோலை ஊன்றிப் படகு தள்ளுவது. ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். துடுப்பைவிட மூங்கில்தான் அங்கே உதவும். அடிமுனை சேற்றில் புதையாமலிருக்க அதில் ஒரு கட்டையைக் குறுக்கே அடித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பத்தில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஆனால், "எல்லம்மா வந்து பாக்கட்டும், அப்பாலதான் வெல" என்றார்கள் எல்லோரும். குப்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டமாம். எல்லம்மா எங்கே? அக்கரையில் வலை காயப்போடுகிறாளாம். படகுக்கு ஒரு காசு கொடுத்து ஏறினேன்.

பாதித் தண்ணீரில் படகோட்டி கையை நீட்டி, "அதோ எங்க மலை" என்றான். ஒரு பனை உயரத்துக்கு ஒரு மணல் மேடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதுவா மலை? எங்க ஊர்ல எலி தோண்டினா இதைவிட ஒசரமா மண்ணு குவியும்!"

படகோட்டி கோலை ஓங்கி ஊன்றினான். கரையில் காலை வைத்தேன். கடலிலிருந்து ஒரு காற்று மேட்டைத் தாண்டி வந்து, அங்கேயே சுழன்று, என் தலைப்பாகையை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்த சிவப்புத் தலைப்பாகை. அது மேட்டுச் சரிவில் விரித்திருந்த ஒரு வலையில் போய் விழுந்தது. வலையோரம் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். துணியை எடுத்து உதறிப் பார்த்தாள். சும்மாடாகச் சுற்றித் தலைமேல் வைத்து, அதன்மேல் மீன்கூடையை ஏற்றிக்கொண்டாள். அவள்தான் எல்லம்மா.

"அம்மா, அது என் தலைப்பா."

"வலையில விழுந்தது வலைக்காரிக்கு."

"மீனுக்குத்தானே அந்த ஞாயம்?"

"ஆமை விழுது, பாம்பு விழுது, போன வருசம் ஒரு வெங்கலச் சொம்பு விழுந்துது. ஒண்ணையும் திருப்பிக் குடுத்ததில்ல. குடுக்க ஆரம்பிச்சா ஏரியில தெனம் வெட்டுக்குத்துதான். 'என் பக்கத்து மீன் உன் வலைக்குப் போச்சு'ன்னு எவன் வேணும்னாலும் வருவான்ல?"

எனக்கு வந்ததே கோபம்! தமிழில் திட்டினேன், போதாமல் தெலுங்கிலும் திட்டினேன். அவள் காதைக் குடைந்துகொண்டு நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கோட்டைச் சிப்பாய்கள் நான்கு பேர் வந்தார்கள். காய்ந்துகொண்டிருந்த வலைகளை வாரிச் சுருட்டிக் கீழே சேற்றில் எறிந்தார்கள். கோட்டைத் துரைக்கு அந்த மேட்டில் விளையாட வேண்டுமாம். ஒரு மாதமாக இதே கதைதானாம்.

எல்லம்மா சேற்றில் இறங்கி வலையை இழுத்தாள். "பருத்தி நூலு நைனா. ஒருநாள் காயலன்னா நாறும், நாலுநாள் காயலன்னா இத்துப்பூடும். வெயிலும் காத்தும் சேந்து கெடைக்கிறது இந்த ஒரு மேட்லதான். இது போச்சுன்னா வலை போச்சு. வலை போச்சுன்னா குப்பமே பட்டினி." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ வாய் கீதே உனக்கு. இங்க எங்கிட்ட கத்தி இன்னா? வா, கோட்டையில வந்து கத்து."

போனேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன?

மாலையில் கோட்டை வாசலில் எல்லம்மாவோடு குப்பத்தார் பத்துப் பேர், கூட நான். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கக் காசிம் மரக்காயர் என்ற துணி வியாபாரி வந்திருந்தார். நான் கத்த வேண்டியதைக் கத்தினேன். துரை கையிலிருந்த தடியைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். வளைந்த நுனியில் பித்தளை பூட்டிய தடி அது. அந்த ஆட்டத்துக்கும் தடிக்கும் அவர்கள் பாஷையில் ஒரே பெயர்: கோல்பு. தோல் பந்தை அந்தத் தடியால் அடித்து அடித்துக் கொண்டுபோய், தூரத்தில் நட்ட கம்பத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

மரக்காயர் எங்கள் பக்கம் திரும்பினார். "அந்த மேடு இனிமே கோல்போட வர்றவங்களுக்குத்தானாம். கோல்போட யார் வந்தாலும் எடம் உண்டாம். மத்தவங்களுக்குக் கெடையாதுன்னு கண்டிப்பா சொல்றார்."

எல்லம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்ளோதானா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நல்ல தொர, பாவம்!" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். மரக்காயருக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாக எனக்கும் புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் புரிந்தது. கோட்டைக்குப்பத்துப் படகுகள் அத்தனையும் மணல் மேட்டுக்கு வந்திருந்தன. ஆணும் பெண்ணுமாக ஆளுக்கொரு கோல். என் வண்டியிலிருந்த மூங்கில் முழுவதும் முந்தின மாலையே விற்றுப்போயிருந்தது. துரை தம் தடியோடும் பந்தோடும் வந்து இறங்கினார். மூங்கில் காட்டைப் பார்த்து அவர் முகம் வெந்த இறாலாகச் சிவந்தது.

"தொரதானே சொன்னாரு, கோல் போட வர்றவங்களுக்கு எடம்னு? கோல் போடறவங்க எல்லாரும் வந்துட்டோம்" என்றாள் எல்லம்மா.

மரக்காயர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒருவழியாக அடக்கிக்கொண்டு, 'கோல்போடு' என்று தாம் சொன்னது 'கோல் போட' என்று இவர்கள் காதில் விழுந்ததைத் துரைக்கு விளக்கினார். துரை கொஞ்ச நேரம் உறுமினார்; அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்தது. "சரி, கோல் இருக்கிறதே, ஆடிக் காட்டட்டும்" என்றாராம்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லம்மா என்னைப் பார்த்தாள். "மலைக்காரரு கீறாரே. எலி தோண்டின மண்ணுதானே, ஏறட்டும்." படகோட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், பாவி!

நானா பின்வாங்குகிறவன்? சின்ன வயதில் நான் கில்லி அடித்தால் அடுத்த ஊர்க் கொல்லையில் போய்த் தேட வேண்டும். ஒரு கோலை வாங்கி, அதன் நடுவில் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டக் களத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். படகுத்துறையில் தொடக்கம். முதலில் ஈரச் சேறு. அதைத் தாண்டினால் காலைச் சுற்றும் அடப்பங்கொடி. அப்புறம் சரிவு, சரிவில் பள்ளம், பள்ளத்துக்கு மேல் மறுபடி சரிவு. உச்சியில் கம்பம். எதிரே கடற்காற்று. துரை முதலில் ஆடினார். மனிதர் கெட்டிக்காரர், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். காற்று ஓய்கிற நேரம் பார்த்துத் தாழ்வாக அடித்து, ஒன்பது அடியில் கம்பத்தைத் தொட்டுவிட்டார்.

என் முதல் அடி பிரமாதம். பந்து சேற்றைத் தாண்டிப் பறந்தது. குப்பமே சபாஷ் போட்டது. இரண்டாவது அடியில் கொடிக்குள் போயிற்று. கோலின் கட்டைக்குப் பந்து அகப்படவில்லை, கொடிதான் அகப்பட்டது. எப்படியோ சரிவுக்கு வந்தேன். அங்கேதான் சனி பிடித்தது. கல் மலையில் காலை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். மணலில் ஒரு அடி ஏறினால் அரை அடி இறங்குகிறது. பந்தை மேலே அடிப்பேன்; நான்கு முழம் போய் நின்று யோசித்துவிட்டு, என் காலடிக்கே உருண்டு வரும். மூன்றாம் முறை பந்தோடு நானும் சேர்ந்து உருண்டேன்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், உடு நைனா!" என்றது ஒரு குரல்.

"இது எந்தூரு ஆனைன்னு கேளு!" என்றது இன்னொன்று.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயெல்லாம் மணல். ஆனால் கோலைக் கீழே போடவில்லை. எத்தனை அடி என்று எண்ணிய மரக்காயரே ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டார். கடைசியில் பந்து கம்பத்தைத் தொட்டது. நிமிர்ந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். தோற்ற கோபத்திலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

துரை கையைத் தட்டிவிட்டு, போகலாம் என்று சாடை காட்டினார். யாரும் போகவில்லை. எல்லம்மா என் கையிலிருந்த கோலை வாங்கி உச்சியில் ஓங்கி ஊன்றினாள்.

"ஆட்டத்துல தோத்தோம், சரி. ஜெயிச்சாத்தான் எடம்னு சொன்னாரா? கோல் போட வந்தா எடம்னுதானே சொன்னாரு? வந்தோம், போட்டோம்."

அவ்வளவுதான். மேடு முழுக்கக் கோல்கள் ஊன்றப்பட்டன. கோலுக்குக் கோல் வலைகளை ஏற்றிக் கட்டினார்கள். துரையோடு வந்த சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். எல்லம்மா மரக்காயரிடம், "சுடட்டும்னு சொல்லுங்க. நாளைக்குக் கோட்டைக்கு மீனு வேணும்னா, அதையும் துப்பாக்கியால சுட்டுப் புடிக்கச் சொல்லுங்க" என்றாள். அதை மரக்காயர் எப்படி மொழிபெயர்த்தாரோ, துப்பாக்கிகள் தாழ்ந்தன.

துரைக்கு ஆத்திரம் தாளவில்லை. பந்தை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். அது வலையில் போய்ச் சிக்கியது. இன்னொன்றை எடுத்து அடித்தார், அதுவும் வலையில். கப்பலில் வந்த பந்துகள், அவரிடம் இருந்ததே அந்த இரண்டுதானாம். எல்லம்மா இரண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

துரை கையை நீட்டினார்.

"வலையில விழுந்தது வலைக்காரிக்கு."

தம்மை ஏமாற்ற அப்போதே கட்டிய சட்டம் என்று துரை குதித்தார். அப்போது நான் வெறுந்தலையைக் காட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"தொர, நான் இந்த ஊர்க்காரன் இல்ல. இவங்களுக்குப் பரிஞ்சு பேச எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லம்மா தலையில சும்மாடா கீதே செவப்புத் துணி, அது என் தலைப்பா. நேத்து வலையில விழுந்துது. கத்தினேன், திட்டினேன், குடுக்கல. எனக்கு என்ன ஞாயமோ அதுதான் உங்களுக்கும்."

மரக்காயர் மொழிபெயர்த்தார். துரை என் தலையைப் பார்த்தார், எல்லம்மாவின் சும்மாட்டைப் பார்த்தார். தடியைத் தோளில் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். அந்த வார்த்தையை மட்டும் மரக்காயர் மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வண்டி பூட்டினோம். அக்கரை மேட்டில் வலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லம்மா ஒரு கூடை நிறையக் கருவாடு கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"இப்பவாவது என் தலைப்பாவைக் குடுத்துடேன் தாயி. மகள் கல்யாணத்துக்கு எடுத்தது."

அவள் துணியை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "குடுக்கணும்னு எனக்கும் ஆசைதான் அண்ணே. நாளைக்கே தொர வந்து, 'அவனுக்குக் குடுத்தியே, என் பந்தைக் குடு, என் மேட்டைக் குடு'ன்னு நின்னா இன்னா சொல்றது? நீயே ஒரு வழி சொல்லு, குடுத்துடறேன்."

எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. "சுத்திக்கோ" என்றேன். திருப்பாலைவனம் வரும்வரை வெயில் மண்டையைப் பிளந்தது. முனியன் தன் துண்டைக் கொடுத்தான், வாங்கிக்கொள்ளவில்லை.

இதுதான் நடந்தது. நம் மலை பெரியதுதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அதை யாரும் நம்மிடமிருந்து பறிக்க வரவில்லை, அதனால் நமக்கு அதன் அருமையும் தெரியவில்லை. புதுத் தலைப்பாகை எடுத்துத் தருகிறேன் என்று மருமகன் சொல்கிறார். வேண்டாம். எனக்கு ஒரு தலைப்பாகை இருக்கிறது. பழவேற்காட்டில் மீன்கூடைக்குக் கீழே இருக்கிறது. அது அங்கே இருக்கிறவரை அந்த மேட்டில் வலை காயும். வெறுந்தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.