புளியஞ்சோலையில் செந்நீர்

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஐப்பசியில், ஆசிரியைகள் எல்லாரும் பஸ் பேசிக்கொண்டு திருச்சியிலிருந்து புளியஞ்சோலைக்குப் போனோம். ஓடைக்கு அக்கரையில் காந்தள் பூத்திருந்தது. அதைப் பார்க்கத் தாவரவியல் ஆசிரியை கல் கல்லாகத் தாண்டிப் போனார்.

எங்களுக்கு மேலே நல்ல வெயில். டிரைவர் மட்டும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல கறுத்திருக்கு. அவங்களக் கூப்பிட்டுருங்க."

"பூவைப் பார்த்துட்டு வரட்டுங்க" என்றேன்.

முதலில் சருகுகள் மிதந்து வந்தன. பிறகு தண்ணீர் செம்மண்ணாய் மாறியது. திரும்பி வந்தவர் நடுப்பாறையில் நின்றுவிட்டார். அதற்கு இப்பால் கற்களைக் காணோம். டிரைவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். மறுமுனையை நாங்கள் பிடித்தோம். இருவரும் கரையேறியபோது அந்தப் பாறையும் மூழ்கியிருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த தாவரவியல் ஆசிரியை, காவிரிப் பாலம் வரும்வரை என் கையை விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.