வெறும் வயிற்றுக்கு ஒரு சரிக்குறி

மூன்று வருடம் படித்து, தாதி என்று அச்சடித்த தாளை வாங்கிய கையோடு, பாரிஸின் வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையில் என்னை 'மாற்றாள்' என்ற கூட்டத்தில் சேர்த்தார்கள். எந்தப் பிரிவில் எவர் லீவில் நிற்கிறாரோ, எவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதோ, அந்த ஓட்டையில் செருகப்படும் பழந்துணிக்கு அங்கே மாற்றாள் என்று பெயர். காலையில் போனால்தான் அன்றைக்கு எந்த ஓட்டை என்று தெரியும்.

ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை. "மாற்றாள் வந்திட்டுதா?" என்று பிரெஞ்சில் கேட்பார்கள், ஏதோ பார்சல் வந்ததுபோல. ஒவ்வொரு பிரிவும் தன்னை ஒரு தனி நாடாக நினைத்துக்கொண்டிருந்தது. இருதயப் பிரிவில் கத்தரிக்கோல் இடதுபக்க மேசை லாச்சியில் இருக்கும். தோல் பிரிவில் அதே கத்தரிக்கோல் வலதுபக்கம். இடம் மாறித் தேடினால், கோயிலுக்குள் செருப்போடு புகுந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவசரப் பிரிவில் இருந்தவர்கள் தாங்கள் மட்டுமே உயிரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில், நின்றபடியே பாண் கடித்து, நின்றபடியே என்னைத் திட்டினார்கள். முதியோர் பிரிவில் மட்டும் ஓர் அம்மையார் என் கையைப் பிடித்துக் கொஞ்சினார். என்னைத் தன் இறந்துபோன புருஷன் என்று நினைத்திருக்கிறார். அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அதுவும் இன்னொருவனுடையது.

வெளியே, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலிலும் என் மதிப்பு பெரிதாக உயரவில்லை. மரக்கறிக் கடை அண்ணைக்கு நான் தாதி என்று தெரிந்ததும், ஆம்பிளைப் பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா என்று அனுதாபப்பட்டார். அனுதாபம் முடிந்த கையோடு, வெண்டிக்காய் நிறுக்கிற தராசுக்கு மேலாலேயே தன் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, சீனி கூடவா குறையவா என்று கேட்டார். நானும் பெரிய பேராசிரியர்போல முகத்தைச் சுளித்து வாசித்தேன். அந்த முகச்சுளிப்பைத்தான் மூன்று வருடமும் ஒழுங்காகப் படித்திருந்தேன்.

ஐந்து மாதம் இப்படி உருண்ட பிறகு, சத்திரசிகிச்சைப் பிரிவில் ஒரு தாதி ஓய்வு பெறப்போவதாகக் கதை வந்தது. நிரந்தர இடம். எனக்கென்று ஓர் அலுமாரி, அதில் என் பெயர். ஒரே லாச்சியில் ஒரே கத்தரிக்கோல். அதற்காக நான் எந்த அளவுக்கும் இறங்கத் தயாராக இருந்தேன். அந்தப் பிரிவின் பொறுப்பாளர் அம்மையார் சொல்லும் பகிடிகளுக்கு, அவை முடிய முன்னரே சிரித்தேன்.

அவருக்கு என்னைப் பிடிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் கைராசி அல்ல. நான் ஊசி ஏற்றினால் நோயாளிகள் கூரையைப் பார்த்து வேண்டத் தொடங்குவார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதே காரணம். திரான்சி, லெ பிளாங்-மெனில் புறநகர்களில் இருந்து வருகிற உன் ஆட்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்கள், என்ன விளங்கியது என்று தெரியவில்லை, நீ இருந்தால் எங்களுக்கு நிம்மதி என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, உன் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார், பித்தப்பைக் கல், முழுவதும் உன் பொறுப்பு, பின்னேரம் அந்த இடத்தைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நடைபாதையில் தனியாக ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். அதைத் துப்புரவு செய்கிறவர் கண்டுவிட்டார்.

வந்தவர் திரான்சிக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மனைவி பெரிய பையோடு பின்னால் வந்தார். தனக்கு ஒரு வருடமாக வலி, முதலாளி இப்போதுதான் ஒரு கிழமை லீவு தந்தவன் என்றார். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி முதல் நாள் மருத்துவமனையிலிருந்து போன தொலைபேசிக்கு மகள்தான் பிரெஞ்சில் பதில் சொல்லியிருக்கிறாள்.

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு அனுப்ப முன்னர் நிரப்பவேண்டிய தாள் ஒன்று உண்டு. நகப்பூச்சு இல்லை, பொய்ப்பல் இல்லை, நகை இல்லை, நள்ளிரவிலிருந்து வயிறு வெறுமை. கடைசிக் கேள்விதான் முக்கியம். வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய் ஆளையே முடித்துவிடும். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்.

"அண்ணை, சாப்பிட்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி. ஒண்டும் சாப்பிடேல்லை."

சரிக்குறி போட்டேன். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுத் தாதிக்கு, பார் எப்படிச் சுருக்காக முடித்தேன் என்று ஒரு பார்வையும் கொடுத்தேன். தள்ளுகட்டிலில் அவரைக் கீழே கொண்டுபோனார்கள்.

பத்து நிமிடம் கழித்து நடைபாதையில் மனைவி என்னை மறித்தார். என் முகம் வாடிக் கிடக்கிறதாம். பையைத் திறந்து, லாச்சப்பலில் வாங்கிய, சீனி தூவிய பணிஸ் என்ற இனிப்பு ரொட்டி ஒன்றைக் கடதாசியோடு என் கையில் திணித்தார். எனக்கு நல்ல பசி. அரைவாசியை ஒரே கடியில் எடுத்தேன்.

"ரெண்டு வாங்கினது தம்பி. மற்றதை அவர் வரேக்கை பஸ்ஸுக்கை சாப்பிட்டவர். பிளாஸ்கிலை பால் தேத்தண்ணியும் கொண்டுவந்தனான்."

வாய் நின்றுவிட்டது.

"அக்கா, அவர் ஒண்டும் சாப்பிடேல்லை எண்டெல்லோ சொன்னவர்?"

"ஓம், சாப்பிடேல்லைத்தானே. பணிஸ் மட்டும்தான்."

அந்த மனுசி பொய் சொல்லவில்லை, புருஷனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் சோறு உள்ளே போனால்தான் அது சாப்பாடு. என் அம்மா நான்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு, காலையிலிருந்து பட்டினி என்று அத்தைக்குத் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இதைத் தெரிந்தவன் என்றுதான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஒரு பிரெஞ்சுத் தாதியாக இருந்தால் குடித்தது, கடித்தது, எத்தனை மணிக்கு என்று படம் காட்டியாவது கேட்டிருப்பாள். நான் தமிழன், எனக்கு ஒரு கேள்வி போதும்.

ஓடினேன். ஓட முன்னர் வாயிலிருந்ததை விழுங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். படியில் இறங்கும்போது மனம் கணக்குப் பார்த்தது: ஒரு பணிஸ்தானே, மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டதே, செமித்திருக்காதா, சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும், பின்னேரம் அலுமாரி. என்னைப்பற்றி எனக்கு எப்போதும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. அந்த இரண்டு மாடிப் படிகளில் இருந்ததும் போனது.

கீழே அவர் நீலத் தொப்பியோடு விளக்குக்குக் கீழே படுத்திருந்தார். மயக்க மருந்து வைத்தியர் கையில் ஊசியோடு நின்றார். நிறுத்துங்கள், இவர் சாப்பிட்டிருக்கிறார் என்றேன். வைத்தியர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்தச் சரிக்குறி யாருடையது என்று கேட்டார். என்னுடையது. எந்த மொழியில் கேட்டாய்? எங்கள் மொழியில். அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு என் உதட்டோரத்தைக் காட்டி, துடை என்றார். பணிஸின் சீனி ஒட்டியிருந்தது.

அந்த அண்ணையைத் திரும்ப மேலே கொண்டுவந்தார்கள். உடுப்பு மாற்றிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஒரு பணிஸுக்காண்டி என்ரை லீவைப் பழுதாக்கிப் போட்டியள். அதுகும் சாப்பாடே?"

"உயிருக்கு ஆபத்து அண்ணை."

"அப்ப அதை வடிவாக் கேட்டிருக்கலாமெல்லோ?"

மனைவி பையைப் பூட்டிக்கொண்டு, அடுத்த முறை வெள்ளைக்காரப் பிள்ளையை விடச் சொல்லுங்கோ, அதுகள் ஒழுங்காய்ச் செய்யும் என்றார். என்னிடமேதான் சொன்னார், நான் ஏதோ அந்தப் பிள்ளைகளின் மேலதிகாரி என்பதுபோல. மூன்று கிழமை தள்ளி வேறு நாள் கொடுத்தார்கள்.

பின்னேரம் பொறுப்பாளர் அம்மையார் கூப்பிட்டார். ஓடிப்போய்ச் சொன்னது நல்லது என்றார். அந்த இடம் இப்போதைக்கு உனக்கில்லை என்பதையும் அதே குரலில் சொன்னார். நான் வழக்கம்போல முன்கூட்டியே சிரித்துவிட்டேன், பகிடி என்று நினைத்து. அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, தமிழர்களிடம் இதை எப்படிக் கேட்கவேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்.

மேசையருகே அமர்ந்து தமிழிலும் பிரெஞ்சிலுமாக எழுதினேன். சோறு, பணிஸ், ரோல்ஸ், வடை, பிஸ்கற், வாழைப்பழம், பால் தேத்தண்ணி, வெறுந்தேத்தண்ணி, கோயில் பிரசாதம், இருமலுக்கு வாயில் போடுகிற கற்கண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கவும், எத்தனை மணிக்கு என்றும் கேட்கவும், 'சாப்பிட்டீர்களா' என்று மட்டும் கேட்கவே வேண்டாம். அவர் வாசித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தாதியர் அறைச் சுவரில் ஒட்டினார். எழுதியவன் பெயர் போடவில்லை.

அந்தத் தாளுக்குச் சத்திரசிகிச்சைப் பிரிவில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை மாற்றாளை முதியோர் பிரிவில் செருகினார்கள்.