கீ நம்பர் கேட்ட பிரிண்டிங்காரர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே டிசைன் வரைந்து கொடுக்கிறேன். ஆசையாக ஒரிஜினல் கார் ரேஸ் கேம் வாங்கினேன். டப்பாவிலிருந்த நீளமான கீ நம்பரை அடித்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகும், சிடியைப் போட்டால்தான் விளையாட விடும். எரிச்சலாக வரும்.

ஒருநாள் விளையாடிவிட்டு, அவசரத்தில் டிசைன் சிடிக்குப் பதிலாக கேம் சிடியைப் பிரிண்டிங் யூனிட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அன்றே சாம்பிள் அச்சடித்தாக வேண்டும். யூனிட் முதலாளி போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், டிசைனைக் காணோமுங்க, காருல்ல வருது!"

திரும்பிப் பார்த்தால் டிசைன் சிடி மேசையிலேயே இருந்தது. "மன்னிச்சுக்குங்கண்ணா, இப்பவே டிசைனோட வர்றேனுங்க."

"மெதுவா வாங்க. அதுக்குள்ள இது என்னமோ கீ நம்பர் கேக்குதுங்க. அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்!"

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். சாம்பிளும் நேரத்துக்கு முடிந்தது. இப்போதெல்லாம் கேம் சிடி வாங்கியதுமே அதற்குச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன்.