பட்டியலில் விடுபட்ட நாற்பத்தொரு வீடுகள்

கொழும்பிலிருந்து வந்த அந்தத் தாள் என் மேசையை விட அகலமாக இருந்தது. இரு ஓரமும் துளைகள், நடுவில் வெளிர்பச்சைக் கோடுகள், மடிப்பு மடிப்பாக நீண்டு நிலத்தில் விழுந்து கிடந்தது. வவுனியாவில் நாங்கள் வேலை செய்த கந்தோரில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று, கோயில் தேர் பார்ப்பது போலப் பார்த்தோம். கணனி என்ற ஒன்றை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் எங்கள் கையால் எழுதிய இலக்கங்களை அது தின்றுவிட்டு இதைத் துப்பியிருக்கிறது என்பதில் எல்லோருக்கும் பெருமை. அக்கா மட்டும் குனிந்து, தாளின் முதல் மடிப்பில் இருந்த ஒரு சின்ன எண்ணை விரலால் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் என்னை விட அவருக்கு ஒரு வயதுதான் கூட. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்தபோது, தாயோடும் இரண்டு தம்பிமாரோடும் வன்னிக்கு வந்தவர். நெடுங்கேணிக்குப் போகும் வழியில் இருந்த குடியேற்றத் திட்டத்தின் கடைசி எல்லையில், பெர்மிற் ஒன்றும் இல்லாமல் காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கடைக்கண்டம் என்று அந்த இடத்தைச் சொல்வோம். என் அப்பாவோ யாழ்ப்பாணத்திலிருந்து முறைப்படி அரசாங்கத்தின் காணிப் பெர்மிற் பெற்று வந்து, குளத்து மதகுக்குக் கிட்டவே மூன்று ஏக்கர் செய்தவர். எண்பத்திரண்டில் அந்தத் திட்டத்தின் நெல் விளைச்சலை ஆராய ஒரு கணக்கெடுப்பு நடந்தபோது, அக்கா வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையிலும், நான் அவற்றை இலக்கமாக்கிக் கட்டத் தாளில் எழுதும் வேலையிலும் சேர்ந்தோம்.

வேலை இதுதான். விளைச்சல் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சமன்பாடு. அதன் ஒரு பக்கம் விளைச்சல். மறுபக்கம் உரம், விதையினம், மதகிலிருந்து வயலின் தூரம், விவசாய வகுப்புக்குப் போன நாட்கள் என்று ஒரு பட்டியல். இவற்றை மாறிகள் என்பார்கள். எந்த மாறிகள் சமன்பாட்டுக்குள் போகவேண்டும் என்பதை கணனிக்குக் கொடுக்கும் நிரலில் ஒரேயொரு வரி தீர்மானித்தது. அந்த வரியைக் கொழும்பில் எழுதினார்கள். அதில் ஆறாவதாக இருந்தது ‘பெர்மிற்றில் உள்ள காணி அளவு’.

அக்கா தொட்டுக்கொண்டு நின்ற எண், சமன்பாட்டில் சேர்ந்த வீடுகளின் எண்ணிக்கை. நாங்கள் அனுப்பியதை விட நாற்பத்தொன்று குறைவு. தபாலில் தொலைந்திருக்கும் என்றார் ஒருவர். அக்கா அலுமாரியைத் திறந்து படிவக் கட்டுகளை இறக்கினார். மூன்று பின்னேரங்கள் நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினோம். எழுத்து விளங்காதவை, நனைந்தவை, பக்கம் குறைந்தவை என்று எப்படிப் பிரித்தாலும் நாற்பத்தொன்று வரவில்லை. கடைசியில் பெர்மிற் கட்டம் வெறுமையாக இருந்தவற்றை ஒரு பக்கம் வைத்தோம். சரியாக நாற்பத்தொன்று. பட்டியலில் உள்ள ஒரு மாறிக்கு விடை இல்லாவிட்டாலும், அந்த வீட்டையே கணனி முழுதாகத் தள்ளிவிடும் என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

நாற்பத்தொன்றும் கடைக்கண்டம். நாற்பத்தொன்றும் அக்காவின் கையெழுத்து. அதுதான் அவரைக் குத்தியது. இல்லாததை எழுதக்கூடாது, வெறுமையாக விடவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். மற்றவர்கள் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு வைத்த இடத்தில், அக்கா சொன்னபடி சுத்தமாக விட்டிருந்தார். மேலே கிடந்த படிவம் அவருடைய அம்மாவினுடையது.

“என் கையாலயே எங்க அம்மாவ அழிச்சிருக்கேன், புள்ள” என்றார். அழவில்லை. அவருக்கு வந்தது கோபம், அதுவும் நல்ல கோபம்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. தூரத்து வயல்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிட்டபடியால், மதகிலிருந்து தூரம் என்ற மாறி ஒன்றுக்கும் உதவாதது போலத் தாளில் நின்றது. வகுப்புக்குப் போனவர்களுக்கு விளைச்சல் கூட என்று வந்தது. அப்படியானால் வாய்க்காலை நீட்டத் தேவையில்லை, வகுப்புகளைக் கூட்டினால் போதும் என்று அறிக்கை எழுதுவார்கள். கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத கடைக்கண்டத்துக்கு உரம் போடப் படிப்பிப்பார்கள். நினைக்க நினைக்க எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

திட்ட உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை, பயந்தவர். “பட்டியல் மேல இருந்து வந்தது பிள்ளை. நாங்கள் கை வைக்கேலாது. வேணுமெண்டால் அந்தக் கட்டத்தில பூச்சியம் எண்டு போடுங்கோவன், கணனி எடுக்கும்” என்றார்.

“பூச்சியம்னா காணி இல்லேன்னு அர்த்தம் ஐயா. நாலு வருசமா உழுறோம். பெர்மிட்ட எடுத்துட்டு, ஒன்பதாவது கேள்வியில உழுத காணின்னு கேட்டிருக்கீங்களே, அதப் போடுங்க. அதுக்கு எல்லாரும் பதில் சொல்லியிருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

அன்று பின்னேரம் நான்தான் குறுக்குவழி சொன்னேன். “அக்கா, அந்த ஒரு வரியைத்தானே மாத்த வேணும். நான் எழுதிப்போட்டுக் கொழும்புக்குப் போற கட்டுக்குள்ள வைச்சு விடுறன். ஆர் பாக்கப்போகினம்?”

“ஒளிச்சு எழுதுனா ஒளிச்சே அழிச்சிருவாங்க” என்றார் அக்கா. பிறகு ஒரு புதுக் கட்டத் தாளை எடுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, புதுப் பட்டியலை எழுதினார். ஆறாவது போய் ஒன்பதாவது வந்தது. கீழே எழுதியவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதி, அதை உத்தியோகத்தரின் மேசையில் நடுவாக வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவே அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும்; மறுநாள் காலை முதல் பஸ்ஸிலும், அதற்குப் பின்னால் ஓர் உழவு இயந்திரப் பெட்டியிலுமாகக் கடைக்கண்டம் வந்து இறங்கியது. வீட்டுக்கு ஒருவர். சேற்றுக் காலோடு வந்தவர்கள் வெளியே குழாயில் கழுவிவிட்டு, படிவ இலக்கத்தின்படி வரிசையில் நின்றார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அக்காவின் அம்மா எட்டாவதாக நின்றார்.

“ஐயா, உங்க கணனி விட்ட ஆளுங்க வந்திருக்காங்க. எண்ணிக்குங்க” என்றார் அக்கா.

உத்தியோகத்தர் எண்ணத்தான் தொடங்கினார். என்ன நினைத்து எண்ணினாரோ தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு இருபதைத் தாண்டிப் போனவர், நடுவில் நின்று, என்னிடம் பேனை கேட்டார். புதுப் பட்டியலில் அக்காவின் பெயருக்குக் கீழே, இவருடைய பொறுப்பில் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பட்டியல் கொழும்புக்குப் போகும், குற்றம் வந்தால் அது அக்காவுக்கு. அந்த மாதத்தோடு அக்காவின் வேலை முடிந்தது. வேலை நீடிக்கப்படவில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அவர் அதை எதிர்பார்த்தே இருந்தார். எனக்குத்தான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கை கூசியது.

இரண்டாவது தாள் வந்தபோது நானே அதைச் சுருட்டிக்கொண்டு கடைக்கண்டத்துக்குப் போனேன். வரம்பு கட்டிக்கொண்டிருந்த அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, “எத்தன பேரு?” என்றுதான் முதலில் கேட்டார். ஒருவரும் விடுபடவில்லை என்றேன். மதகுத் தூரந்தான் இப்போது எல்லாவற்றிலும் பெரிதாக நிற்கிறது, தூரம் கூடக் கூட விளைச்சல் விழுகிறது என்று காட்டினேன்.

“அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே” என்று சிரித்தார். “நாங்க இருக்கோம்னு இப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு. இனி தண்ணி கேப்போம். உக்காரு, எழுது.”

மனுவை நான் எழுதினேன். எழுதி முடிக்கும்போதுதான் மண்டையில் ஏறியது: வாய்க்காலை நீட்டினால் அந்தத் தண்ணீர் மதகடியில் எங்கள் வயலுக்கு வருவதிலிருந்துதான் போகவேண்டும். அக்காவுக்கு அது முதலே தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ கையெழுத்து வைக்க வேணாம், புள்ள. எழுதினதே போதும்” என்றார். நான் வைத்தேன். அப்பா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

வாய்க்காலை வெட்டத் தொடங்கினார்கள், பாதியில் நின்றது. பிறகு வந்த யுத்த ஆண்டுகள் மதகடி, கடைக்கண்டம் என்று பாராமல் எல்லோரையும் கலைத்தன. அக்கா குடும்பத்தோடு எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. தேடியிருக்கிறேன், இன்னும் தேடுகிறேன்.

நான் இன்றைக்கும் அதே வேலைதான். நாங்கள் மூன்று பின்னேரம் செய்ததை மடிக்கணனி கண் சிமிட்டுவதற்குள் செய்கிறது. ஆனால் வெறுமையான கட்டம் உள்ளவர்களை அது இன்னமும் தள்ளிவிடுகிறது, அதுவும் கடைசியில் ‘இத்தனை பேர் சேர்க்கப்படவில்லை’ என்ற ஒரு பொடி எழுத்து வரியோடு. போன மாதம் வன்னியைப் பற்றிய ஓர் அறிக்கை என் ஒப்பத்துக்கு வந்தது. அதில் அந்த வரி இருந்தது. கொஞ்சப் பேர்தானே மேடம், முடிவு மாறாது என்றார்கள். அந்தக் கொஞ்சப் பேர் யார், எந்த ஊர் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை ஒப்பமிட மாட்டேன் என்றேன். அறிக்கை பிந்துகிறது என்று மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். பிந்தட்டும்.