இருநூற்று எண்பத்தெட்டுப் பேர் ஒரே ஆள்

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் போய் நின்றால், என் அண்ணி மாலை ஐந்துக்குத்தான் நகர்வாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்கேன் செய்கிற சதுரம் அச்சடித்த பலகை. இறங்கி வருகிறவர்களை மடக்கி, காய்கறியை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் எங்கள் கம்பெனி ஆப்பை அவர்கள் போனில் போடவைக்க வேண்டும். “நிக்கிறதும் ஒரு வேலையா?” என்று வீட்டில் சாய்ந்துகொண்டு கேட்பான் என் அண்ணன். அவனை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டும் எனக்கு.

நின்று நின்று அண்ணிக்குக் கெண்டைக்கால் இரண்டிலும் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. இனியும் நின்றால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆபீசில், வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் பிரிவில் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்து பார்க்கிற வேலை.

“இந்த மாசம் முந்நூறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கம்மா, சீட் உங்களுக்குத்தான்” என்றார் மேனேஜர்.

அதுவரை அவள் இருநூறைத் தாண்டியதில்லை. ஜனங்கள் லேசில் போனை நீட்டுவார்களா? “ஆப் போட்டா ஒரே விளம்பரமா வந்து உயிரை எடுக்கும், ஆளை விடு” என்று கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் நான்கு நாளில் ஐம்பத்திரண்டு பேர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். ஒரு தடவை செருப்பு விலை பார்த்ததற்கு அண்ணியின் போனில் பத்து நாளாகச் செருப்பாகவே வந்துகொண்டிருந்தது. “இங்க குடு அண்ணி” என்று வாங்கி, அமைப்புக்குள் போய், விளம்பர அடையாளத்தை அழித்துக் காட்டினேன்.

“இது என்னடி?”

“ஒவ்வொரு போனுக்கும் விளம்பரக்காரங்களுக்குன்னு நீளமா ஒரு நம்பர் இருக்கு. அதை வெச்சுத்தான் பின்னாடியே வர்றாங்க. அழிச்சாச்சு. இனி யாரு என்னன்னு தெரியாது.”

என் அண்ணி எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். மறுநாள் காலையே படிக்கட்டில் ஆரம்பித்துவிட்டாள். “முதல்ல உங்க விளம்பரத் தொல்லையை நிறுத்தித் தரேன், அப்புறம் நம்ம ஆப்பைப் போடுங்க.” ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்! அக்கா, அத்தையையெல்லாம் கூப்பிட்டுவந்து அவர்கள் போன்களையும் நீட்டினார்கள். ராத்திரி அண்ணி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட்டுக்கொண்டே சிரிப்பாள். மாதக் கடைசியில் நோட்டில் முந்நூற்று நாற்பது.

யார் எத்தனை பேருக்கு ஆப் போட்டார்கள் என்று வெளியூர் ஏஜென்சி எண்ணி அனுப்பும் பட்டியல் மாதம் ஒரு தடவைதான் வரும். ஆபீசில் அதைத் திறந்து பார்ப்பது என் வேலை. அண்ணியின் பெயருக்கு நேரே ஐம்பத்து மூன்று என்று இருந்தது. தப்பாக வேறு வரியைப் பார்க்கிறேனோ என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பிறகுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். எந்தப் போனில் யார் ஆப்பைப் போடவைத்தார் என்பதை அந்த நீள நம்பரை வைத்துத்தான் பொருத்துகிறார்கள். அழித்துவிட்ட போனிலிருந்து நம்பருக்குப் பதிலாக வரிசையாகச் சைபர்தான் வரும். எல்லாப் போனிலிருந்தும் அதே சைபர். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான் என்று மெஷின் முடிவு கட்டி, இருநூற்று எண்பத்தெட்டுப் பேரையும் ஒன்றாக்கிவிட்டது. அடி பாவி, தெரிய வேண்டியது எனக்கல்லவா? இந்தப் பட்டியலோடு மூன்று வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் நான்.

மேனேஜர் அறையில் அண்ணி நோட்டைப் பிரித்து வைத்தாள். “சார், ஒவ்வொருத்தர் பேரும் இருக்கு. போன் பண்ணிக் கேளுங்க.”

“நான் நம்புறேம்மா. சிஸ்டம் நம்பலையே. அங்கே மாத்துற அதிகாரம் எனக்கில்லை.”

“எல்லாரையும் தேடிப் போய் மறுபடியும் அந்த நம்பரைப் போட்டுட்டா?”

“முதல் தடவை திறக்கும்போது என்ன வந்துச்சோ அதுதாம்மா. போனது போனதுதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆமா, இந்த வேலையை யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது? நம்ம ஆபீஸ் ஆளுங்களா இருந்தா மேலிடத்துல சும்மா விடமாட்டாங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். சொல்லியிருக்கலாம்.

“யாரும் இல்ல சார். நானேதான் நோண்டிக் கத்துக்கிட்டேன்” என்றாள் அண்ணி.

சீட், இருநூற்றுப் பத்து போட்ட பேருந்து நிறுத்தத்துப் பையனுக்குப் போனது. வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஏன் அண்ணி என்னைக் காப்பாத்துன?”

“உன் வேலையும் போனா என் காலு சரியாயிடுமா? போடி, முகத்தைக் கழுவு.”

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் படிக்கட்டில் இறங்கினேன். அண்ணி இரண்டு கால்களிலும் துணி சுற்றிக்கொண்டு பலகையோடு நின்றாள். ஓர் அம்மா ஓட்டமாக வந்தார். “நீங்க அன்னைக்குப் பண்ணதுலருந்து போன் நிம்மதியா இருக்கும்மா, நல்லா இருப்பீங்க. என் தங்கச்சிக்கும் அதே மாதிரி பண்ணிக்குடுங்களேன்.”

அவர் நீட்டிய போனை அண்ணி பார்த்தாள். வாங்கவில்லை.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா” என்றாள்.