மார்பளவு முப்பத்தெட்டு

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில், எழுபதுகளின் கடைசியில், நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து ஏழைப் பெண்பிள்ளைகளை முன்னேற்றக் கிளம்பினோம். நாலு பேரும் உத்தியோகஸ்தர்களின் மனைவிகள். மத்தியானத்துக்கு மேல் செய்ய வேறு வேலை இல்லை என்பதுதான் எங்கள் சமூகத் தொண்டின் ஆரம்பம். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பள்ளியை விட்டு நின்ற பதினாறு, பதினேழு வயதுப் பெண்களுக்கு ஓர் ஓலைக் கொட்டகையில் இரண்டு மெஷினை வைத்துத் தையல் சொல்லிக் கொடுத்தோம். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. ஆகவே மேற்பார்வை என்னுடையது. அப்படியும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

பேட்டையில் காக்கி உடுப்பு தைக்கும் கம்பெனி ஒன்று எங்கள் பெண்களை வேலைக்கு எடுக்கச் சம்மதித்தது. ஒரு நிபந்தனை. ஒவ்வொருத்தியும் ஓர் ஆம்பிளைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்து, அதை அவருக்கே மாட்டிக் காட்ட வேண்டும். கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் வந்து பார்ப்பார். ஆம்பிளைக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்று அன்றுதான் கண்டுபிடித்தார். பெண்கள் தங்கள் அண்ணன் தம்பிகளை இழுத்து வந்தார்கள்.

எல்லோரையும்விட நேர்த்தியாகத் தைப்பவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவள் அப்பா பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். வாரம் ஒருமுறை கொட்டகை வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். மனைவியின் தம்பிக்கு மகளைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"வேலை கெடைச்சா போவட்டும். கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டா, ஆமா" என்று எனக்குக் கெடு வைத்திருந்தார். இப்போது, வேற்று ஆம்பிளை மேல் மகள் டேப்பு வைப்பதா என்று குதித்தார்.

"அப்ப நீங்களே நில்லுங்க" என்றேன் கோபத்தில். நின்றுவிட்டார்.

அவள் அளந்து சொன்னாள்: மார்பு முப்பத்தெட்டு. மேற்பார்வையாளர் என்ற முறையில் நானே அதை நோட்டில் எழுதினேன்.

மாஸ்டர் வரும் நாள் காலையில் சட்டையை மாட்டிப் பார்த்தால், உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். திரும்ப அளந்தோம். முப்பத்தைந்து.

"ஒழுங்கா அளந்தியாடி?"

"அளந்தேன் டீச்சர். நீங்கதான எழுதினீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அன்னிக்கி நான் கொஞ்சம் தம் கட்டிக்கினு நின்னேம்மா."

பேட்டை வாசலில் தினமும் காலையில் மேஸ்திரி வந்து, கூலிக்கு நிற்பவர்களை மேலும் கீழும் பார்த்து ஆள் பொறுக்குவார். நெஞ்சு அகலமாகத் தெரிகிறவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதனால் யாராவது உற்றுப் பார்த்தாலே மூச்சை இழுத்து மார்பைத் தூக்கி நிற்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மகள் டேப்போடு வந்தபோதும் அதையே செய்திருக்கிறார்.

பிரித்துத் தைக்க நேரமில்லை. மாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். இந்த மனிதர் எப்போதும்போல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலே போதும், அவர் ஆசைப்பட்ட கல்யாணம் நடந்துவிடும். எனக்குப் பத்திரிகைகூட வைப்பார் என்று மனசுக்குள் வைதேன்.

மாஸ்டர் எதிரே வந்து நின்றார். அப்பா மூச்சை இழுத்தார். சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

மாஸ்டர் அவசரமே படாதவர். காலரைத் தடவினார். பொத்தான் மாட்டும் காஜாவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அக்குள்ல புடிக்கிதா?" என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். "இன்னா, பேச மாட்டாரா?"

"தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்றேன்.

அதோடு விட்டாரா? மிளகை நெய்யில் வறுத்து, பொடி பண்ணி, தேனில் குழைத்து என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்து நீர் கட்டியது. "ரொம்ப முத்திடுச்சி போலக்குதே" என்று மாஸ்டர் இரக்கப்பட்டார். ஒருவழியாக நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். "எழுதிட்டாரு நைனா. மூச்ச வுடு."

விட்டார். சட்டை தொளதொளவென்று இறங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து மேல்மூச்சு வாங்கியவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முன்னாடியே விட்டிருந்தா நீங்க நெனச்சது நடந்திருக்குமே?"

"நல்லா கேட்டம்மா! எம் பொண்ணு தச்ச சட்ட சரியில்லன்னு ஒர்த்தன் சொல்லுவான், நான் கேட்டுக்கினு நிக்கணுமா?"

அவரை வைததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"போ, திங்கக்கெழம எத்தினி மணிக்கு வரணும்னு அந்தாளக் கேட்டுக்கினு வா. உம் மாமன்கிட்ட நான் பேசிக்கிறேன்."